இரத்தம் நின்றால் போதாது: குடல் அழற்சி நோயில் சிகிச்சை இலக்கைக் கேட்டு வாங்குவது எப்படி?

தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்குக் குடல் அழற்சி நோய்க்கு மருத்துவம் பார்க்க நான் போய்வந்தது நாற்பது முறைக்கு மேல் இருக்கும். அவற்றில் பாதிப் பயணம் தேவையே இல்லாதது. எதை எட்டுவதற்காக மருந்து சாப்பிடுகிறேன் என்று தெரியாமல் போனேன். மருந்துச் சீட்டோடு திரும்பினேன். மாத்திரை சாப்பிட்டதும் மலத்தில் போன இரத்தம் நின்றது. இரத்தம் நின்றதும் மாத்திரையை நிறுத்தினேன். ஐந்து மாதத்தில் எல்லாம் திரும்பி வந்தது. மறுபடியும் மாத்திரை, மறுபடியும் நிறுத்தம். அடுத்த முறை வந்தபோது ஒன்பது நாள் மருத்துவமனையில் படுத்திருந்தேன்.

அங்கே வார்டுக்கு வந்த ஓர் இளம் மருத்துவர் என் சீட்டுகளைப் புரட்டிவிட்டு, “அம்மா, இரத்தம் நின்றது சரி. குடல் ஆறியதா என்று யாராவது பார்த்தார்களா?” என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் புதிதாக இந்த நோயோடு வீடு திரும்பும் ஒருவருக்காவது அந்தக் கேள்வி முதல் மாதத்திலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். மருந்தையும் அளவையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்வார். அவரிடம் என்ன கேட்பது, எதைக் கையில் வைத்திருப்பது, எப்போது போவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. நோயின் முழுப் பெயரை எழுத்தில் வாங்குங்கள்

“குடல் புண்” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் எழுந்து வராதீர்கள். குடல் அழற்சி நோயில் முக்கியமானவை இரண்டு. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பெருங்குடலில் மட்டும் வருவது. ஆசனவாயை ஒட்டித் தொடங்கி இடைவெளியில்லாமல் மேலே பரவும். குரோன்ஸ் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். விட்டுவிட்டு வரும், குடல் சுவரின் முழுக் கனத்தையும் தாக்கும். இரண்டுக்கும் மருந்துகளில் சில வேறு, இலக்கை அளக்கும் விதமும் வேறு.

கேட்க வேண்டியவை மூன்று. எந்த நோய்? குடலில் எவ்வளவு தூரம்? எவ்வளவு தீவிரம்? மூன்றையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று மூலம். மலத்தில் இரத்தம் என்றாலே நம் பக்கத்தில் மூலச்சூடு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என் மாமியார் அன்போடு துத்தி இலை வதக்கிக் கொடுத்தார். அதில் பதினான்கு மாதம் போனது. இரத்தத்தோடு சளியும் போனால், இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருந்தால், எடை குறைந்தால், நான்கு வாரத்துக்கு மேல் பேதி நீடித்தால், மூலம் என்று சும்மா இருக்காதீர்கள்.

மற்றது காசநோய். குடலில் வரும் காசநோயும் குரோன்ஸ் நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நம் நாட்டில் காசநோய் அதிகம் என்பதால் பயாப்சி (குடலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது), ஜீன் எக்ஸ்பர்ட் (காசநோய்க் கிருமியைத் தேடுவது) ஆகிய சோதனைகளுக்குப் பிறகும் சந்தேகம் தீராமல் போவதுண்டு. அப்போது முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி கொலோனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியே குழாய்க் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது, செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்களுக்கு அப்படிச் சொன்னால் மருத்துவருக்குத் தெரியவில்லை என்று எண்ணி வேறு மருத்துவமனைக்கு ஓடாதீர்கள். மறுபரிசோதனை எந்த மாதம் என்பதை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியைத் தவறவிடுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

2. ஒரு கோப்பு போடுங்கள்

ஈரம் புகாத பிளாஸ்டிக் கோப்பு வாங்குங்கள். உப்புக் காற்றில் ஸ்கேன் சீட்டின் எழுத்துகள் மங்கிவிடும். வாங்கிய அன்றே எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். உள்ளே இருக்க வேண்டியவை: முதல் கொலோனோஸ்கோப்பி அறிக்கை, அதன் வண்ணப் படங்கள், பயாப்சி முடிவு, மருத்துவமனையிலிருந்து வெளிவரும்போது தந்த சுருக்கம், தேதி வரிசையில் இரத்தப் பரிசோதனைகள், மருந்துச் சீட்டுகள், ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை நகல்கள்.

அந்த வண்ணப் படங்களைத் தரச் சொல்லிக் கேளுங்கள். பிற்பாடு “ஆறியிருக்கிறதா” என்று ஒப்பிட அவைதான் ஆதாரம். நான் வாங்காமல் விட்டேன். இரண்டாம் முறை என் பழைய குடல் எப்படி இருந்தது என்று காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை.

கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு கோடு போட்ட தாள் வையுங்கள். தினமும் எத்தனை முறை போனது, இரத்தம் இருந்ததா, வலி எவ்வளவு, எந்த மாத்திரை விட்டுப்போனது. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் நமக்கு எல்லாம் மறந்துவிடும். “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம்.

3. இலக்கை நாள் குறித்துக் கேளுங்கள்

இந்தப் படிக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன். 2021இல் உலகளவிலான குடல் அழற்சி நோய் நிபுணர்கள் சேர்ந்து ‘ஸ்டிரைடு-2’ என்ற பரிந்துரையை வெளியிட்டார்கள். சிகிச்சை எதை எட்ட வேண்டும், எந்த வரிசையில் எட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதை நமக்குப் புரியும் விதத்தில் சொல்கிறேன்.

முதலில் எட்ட வேண்டியது, உடம்பு தேறுவது. தொல்லைகள் பாதியாவது குறைய வேண்டும். பிறகு முழுதாக அடங்க வேண்டும். கோலைட்டிஸ் என்றால் இரத்தம் அறவே நிற்பதும், மலம் கழிக்கும் எண்ணிக்கை நோய் வருவதற்கு முன்பிருந்த அளவை ஒட்டி வருவதும். குரோன்ஸ் என்றால் வயிற்று வலியும் பேதியும் அடங்குவது.

அடுத்தது இரத்தத்திலும் மலத்திலும் அழற்சியின் தடயம் குறைவது. இரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற, அழற்சி இருந்தால் ஏறும் புரதம் இயல்பு அளவுக்கு வர வேண்டும். மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்ற புரதம், ஒரு கிராமுக்கு 100 முதல் 250 மைக்ரோகிராம் என்ற வரம்புக்கு இறங்க வேண்டும். நோயாளி குழந்தை என்றால் உயரமும் எடையும் வயதுக்கேற்ப மறுபடி ஏறத் தொடங்குவதும் இந்தப் படியில் சேரும். பள்ளியில் எடுத்த பழைய உயரக் கணக்கு இருந்தால் கொண்டுபோங்கள்.

கடைசியானது குடல் ஆறுவது. கொலோனோஸ்கோப்பியில் கண்ணால் பார்த்து உறுதி செய்வது. கோலைட்டிஸுக்கு ‘மேயோ’ மதிப்பெண் என்று 0 முதல் 3 வரை போடுவார்கள். 3 என்றால் புண்ணும் தானாகக் கசியும் இரத்தமும். 0 என்றால் இயல்பான குடல். நாம் போக வேண்டிய இடம் 0. குரோன்ஸில் புண்கள் இல்லாமல் போவது. இதே படியில் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்கள்: நோயாளி முன்போல வேலைக்குப் போகவும், வாழவும், ஊனமில்லாமல் இருக்கவும் முடிவது. இதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். படகில் போகிறவருக்கு மூன்று மணி நேரம் கழிப்பறை இல்லாமல் இருக்க முடிவது ஓர் இலக்கு. பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகும் பெண்களுக்கும் அப்படித்தான். “நான் மறுபடி வேலைக்குப் போக வேண்டும், அதற்கு எத்தனை மாதம்?” என்று நேராகக் கேளுங்கள்.

முதல் படியோடு நின்றுவிட்டால் என்ன ஆகும்? எனக்கு ஆனதுதான். தொல்லை அடங்கிய பிறகும் உள்ளே அழற்சி தொடரலாம். அது மறுபடி கிளம்பும். குரோன்ஸில் குடல் சுருங்கி அடைப்பு வரலாம், பக்கத்து உறுப்புக்குத் துளை விழலாம். கோலைட்டிஸில் ஆண்டுக்கணக்கில் ஆறாத அழற்சி பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும்.

ஆகவே மருத்துவரிடம் இந்த மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்:

— இந்த மருந்து வேலை செய்கிறதா என்று எத்தனை வாரத்தில் தெரியும்?
— அப்போது எந்தப் பரிசோதனை செய்து பார்ப்போம்?
— இலக்கை எட்டவில்லை என்றால் அடுத்து என்ன?

கூட்டம் அதிகமான புறநோயாளிப் பிரிவிலும் இதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். நான் கேட்டு எந்த மருத்துவரும் கோபித்ததில்லை.

4. பரிசோதனைகள்: எப்போது, எவ்வளவு

சி.ஆர்.பி., ஹீமோகுளோபின், ஆல்புமின், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளை இராமநாதபுரத்திலேயே செய்துகொள்ளலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இதற்காக மதுரை வரை போக வேண்டாம். முடிவுகளை எடுத்துக்கொண்டு போங்கள்.

கால்ப்ரோடெக்டினுக்குத் தனியார் ஆய்வகத்தில் நான் கட்டியது இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி. மாதிரியை இங்கே கொடுத்தால் பெருநகர ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வர மூன்று நான்கு நாள் ஆனது. அதனால் மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். காலையில் முதலில் போகும் மலத்தை எடுத்து, அன்றே கொடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். வலி மாத்திரை சாப்பிட்டிருந்தாலும், கிருமித் தொற்றால் பேதி இருந்தாலும் அளவு ஏறிக் காட்டும். கொலோனோஸ்கோப்பிக்கான பேதி மருந்தைக் குடிக்கும் முன்பே மாதிரியை எடுக்க வேண்டும். எப்போதும் ஒரே ஆய்வகத்தில் கொடுப்பது நல்லது, முறை மாறினால் எண்ணும் மாறும்.

மறு கொலோனோஸ்கோப்பி, சிகிச்சை தொடங்கியபின் கோலைட்டிஸுக்கு 3 முதல் 6 மாதத்திலும், குரோன்ஸுக்கு 6 முதல் 9 மாதத்திலும் செய்வது வழக்கம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகுக் குடும்பத்துக்குக் கையில் காசில்லாத காலம் அது, ஆனால் துணைக்கு வர ஆள் இருக்கும் காலமும் அதுதான். நான் பங்குனியிலேயே பணம் ஒதுக்கி வைத்து, சித்திரையில் போய்ச் செய்துகொண்டேன். கணவர் கரையில் இருந்தார்.

5. கொலோனோஸ்கோப்பிக்கான பயணம்

முந்தைய நாளே மதுரைக்குப் போய்த் தங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பேதி மருந்தின் பாதியை முதல் நாள் மாலையும் மீதியை மறுநாள் அதிகாலையும் குடிக்க வேண்டியிருக்கும். அதைக் குடித்துவிட்டு இராமேசுவரத்திலிருந்து நான்கு மணி நேரம் பேருந்தில் வர முடியாது. நான் முயன்றேன். பரமக்குடியில் இறங்கி, ஒரு கடைக்காரரின் வீட்டுக் கழிப்பறையைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதாயிற்று.

சாதாரண நாளிலும், நோய் கிளம்பியிருக்கும்போது பேருந்தை விட ரயிலே மேல், கழிப்பறை இருக்கிறது. மாற்று உடை, தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பையில் இருக்கட்டும்.

இரும்புச் சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மறந்துவிட்டால் குடல் சரியாகத் தெரியாது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் சர்க்கரை நோயாளிகளும் தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். மயக்க ஊசி போடுவதால் துணைக்கு ஒருவர் கட்டாயம். பயாப்சி முடிவு வர ஒரு வாரம் வரை ஆகலாம். அதற்காக மறுபடி மதுரைக்குப் போகாமல் இருக்க, முடிவை எப்படிப் பெறுவது என்று அன்றே கேட்டுவிடுங்கள்.

6. மருந்து தொடங்கும்போது

மெசலமைன் கோலைட்டிஸுக்கான அடிப்படை மருந்து. மாத்திரையை உடைக்காமல், மெல்லாமல் விழுங்க வேண்டும். கீழ்ப்பகுதியில் மட்டும் நோய் இருந்தால் ஆசனவாய் வழியே வைக்கும் மருந்தே நன்றாக வேலை செய்யும். கூச்சப்பட்டு அதை வாங்காமல் விடுகிறவர்கள் பலர்; தயவுசெய்து விடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீரகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரத்தம் நின்றபின்னும் தொடர வேண்டிய மருந்து இது.

ஸ்டீராய்டு, அதாவது பிரெட்னிசோலோன், சில நாளிலேயே ஆளை எழுப்பி உட்கார வைக்கும். அதனால்தான் அதில் ஆபத்தும். அது தீயை அணைக்கத்தான். ஆண்டு முழுதும் சாப்பிடுவதற்கான மருந்து அன்று. வாரம் வாரம் குறைத்து, இரண்டு மூன்று மாதத்தில் நிறுத்துவதே வழக்கம். திடீரென்று நிறுத்தவும் கூடாது. பழைய சீட்டைக் காட்டி நாமே மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடவும் கூடாது. குறைக்கும்போதெல்லாம் நோய் திரும்பினாலோ, நிறுத்தி மூன்று மாதத்துக்குள் வந்தாலோ, அடுத்த மருந்துக்கு மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். இதை நீங்களே நினைவூட்டுங்கள்.

அசதயோபிரின், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை, மெதுவாக வேலை செய்யும். மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். விலை அதிகமில்லை, ஆனால் கண்காணிப்பு அதிகம். வெள்ளை அணுக்கள் சட்டென்று இறங்கிவிடலாம். நம் நாட்டில் பலருக்கு அதற்குக் காரணமான ‘நட்-15’ மரபணு மாற்றத்தை முன்கூட்டியே பரிசோதிக்க முடியும், வசதியிருந்தால் கேளுங்கள். இல்லாவிட்டால் முதல் இரண்டு மாதம் அடிக்கடியும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் இரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். காய்ச்சலோ, தொண்டைப் புண்ணோ, கொத்தாக முடி உதிர்தலோ வந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள். யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால் அல்லது ஃபெபுக்ஸோஸ்டாட் சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லாமல் அசதயோபிரின் தொடங்கவே கூடாது. வெயிலில் வேலை செய்பவர்கள் தலையையும் கைகளையும் மூடிக்கொள்ளுங்கள், இந்த மருந்து சாப்பிடும்போது வெயில் தோலை எளிதில் பாதிக்கும்.

இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற ஊசிகளுக்கு முன் காசநோய்க்கும் மஞ்சள்காமாலை-பி கிருமிக்கும் பரிசோதனை கட்டாயம். இன்ஃப்ளிக்சிமாப் முதல் நாள், 2ஆம் வாரம், 6ஆம் வாரம், பிறகு 8 வாரத்துக்கு ஒரு முறை மருத்துவமனையில் ஏற்றுவது. அடலிமுமாப் வீட்டிலேயே போட்டுக்கொள்வது. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மதுரையிலிருந்து கொண்டுவரும்போது மீனுக்குப் போடும் உடைத்த ஐஸில் அதைப் புதைத்துவிடாதீர்கள். உறைந்தால் ஊசி வீண். இடையில் துணி சுற்றி, ஐஸ் நேராகப் படாமல் வையுங்கள்.

7. பணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பயன். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றும் வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவு இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில். படுக்கையில் விழுந்தபின் ஓடாமல் இப்போதே எடுத்துவிடுங்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம் பெயர். குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும் ஆதாரில் இன்னொரு விதமாகவும் என் பெயர் இருந்தது. அதைத் திருத்த ஒரு மாதத்துக்கு மேல் அலைந்தேன். இன்று இரவே இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அரசு மருத்துவமனை மருந்தகத்தில் முதலில் கேளுங்கள். இல்லாததை முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும், கம்பெனி வைத்த பெயரை விட்டு, மருந்தின் மூலப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஊசி மருந்து தேவைப்பட்டால், அது திட்டத்தில் வருமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டபின் தேதி வாங்குங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் குடல் நோய்க்குத் தனித் துறை உண்டு. காலையிலேயே சீட்டுப் போட வேண்டும் என்பதால் அங்கும் முந்தைய இரவே போய்விடுவது நல்லது.

8. நம் கரையின் பொறிகள்

வலை இழுத்துவிட்டு வந்து, மருந்துக் கடையில் உடம்பு வலிக்கு மாத்திரை வாங்குவதும் ஊசி போட்டுக்கொள்வதும் இங்கே அன்றாடம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மருந்துகள் இந்த நோயைக் கிளப்பிவிடக் கூடும். தவிர்க்க முடியாத வலிக்கு என்ன சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி, அந்தச் சீட்டைப் படகுக்குப் போகும் பையிலும் வையுங்கள். குரோன்ஸ் உள்ளவர்கள் பீடி, சிகரெட்டை விட வேண்டும். அந்த நோயை அது மோசமாக்கும்.

உணவு பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இந்த நோயை ஆற்றும் ஒற்றை உணவு எதுவும் இல்லை. நோய் கிளம்பியிருக்கும்போது குண்டு மிளகாய்க் குழம்பையும் நார் மிகுந்ததையும் தள்ளி வைத்து, குழைந்த சோறு, அவித்த மீன், ஒத்துக்கொண்டால் மோர் என்று இருங்கள். அடங்கியபின் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பயந்து பயந்து மீனையும் முட்டையையும் விட்டுவிட்டு எலும்பும் தோலுமாக ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நோன்பு வைப்பவர்கள் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருந்து நேரத்தை மாற்றிக் கேளுங்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் மூலப்பெயருடன் மருந்துச் சீட்டும், அங்கே முதல் மருத்துவரைப் பார்க்கும் வரைக்குமான மருந்தும் எடுத்துப்போக வேண்டும். குழந்தை பெற விரும்பும் பெண்கள் குறைந்தது மூன்று மாதமாவது நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பது நல்லது. கரு உண்டானதும் பயத்தில் மருந்தைத் தானாக நிறுத்தாதீர்கள். ஆனால் மெதோட்ரெக்சேட் என்ற மருந்து கர்ப்பத்தில் கூடவே கூடாது. அதைத் திட்டமிடும்போதே சொல்லி மாற்ற வேண்டும்.

9. தேதிக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போகிறது. கூடவே காய்ச்சல், அல்லது நாடி நிமிடத்துக்கு 90க்கு மேல், அல்லது எழுந்தால் தலை சுற்றல். வயிறு உப்பி, காற்றும் பிரியாமல் வாந்தி. தாங்க முடியாத வலி. இவற்றில் எது வந்தாலும் அடுத்த வாரத் தேதியைப் பார்க்காதீர்கள், வீட்டில் இருக்கும் பழைய ஸ்டீராய்டையும் தொடாதீர்கள். 108ஐ அழைத்து இராமநாதபுரம் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் அவர்களே மதுரைக்கு அனுப்புவார்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். எனக்கு நினைவு தப்பிய இரவில் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த கோப்பை எடுத்துக் கொடுத்தவள் என் பத்து வயது மகள்.